முட்டை மாஸ் ஊரில் கோதுமை இல்லாமல்...

சித்தன்னவாசல், திருமயம் கோட்டை என்று சுற்றிவிட்டுப் புதுக்கோட்டைக்குள் நுழைந்தால், பசி முட்டை மாஸைத்தான் தேடும். சீலியாக் நோய் உள்ளவர்கள் கொஞ்சம் பொறுங்கள்! கோதுமையிலுள்ள குளூட்டன் துளி போனாலும் இவர்களுடைய சிறுகுடலைப் பாழாக்கும். முட்டை மாஸில் மாவு இல்லைதான். ஆனால், அதைக் கிளறும் கல்லில் பரோட்டாவும் வெந்திருந்தால்? பூரி பொரித்த எண்ணெயில் வடையும் அப்படித்தான். சாம்பாரில் விழும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் (இது பலருக்குத் தெரியாது). சர்வரிடம் ‘குளூட்டன்’ என்றால் விழிப்பார். “அண்ணே, பாப்பாவுக்குக் கோதுமை, மைதா, ரவை ஒத்துக்காது. கல்லைக் கழுவிட்டுப் போடுவீங்களா?” என்று மாஸ்டரிடமே கேளுங்கள். அவர் தயங்கினால், வெறும் அரிசிமாவுதானா என்று விசாரித்துவிட்டு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சொல்லுங்கள்.