வண்டி கடிக்குது!

வீட்டைப் பூட்டிவிட்டுப் பிரயாணம் போவதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். வீட்டையே கூட அழைத்துக்கொண்டு போன கதையை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். முதல் பாதியில் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். பின் பாதியில் உங்களுக்குச் சிரிப்பு வராது. எனக்கும் அன்று வரவில்லை.

என் தம்பி ஒரு வேன் வாங்கினான். பின்பக்கத்து ஆசனங்களை எடுத்துவிட்டு ஒரு கட்டில் போட்டான். மடக்கு மேஜை, மின்விசிறி, முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி பிரிட்ஜ் எல்லாம் வைத்தான். "சினிமாக்காரங்க மட்டும்தான் கேரவன்ல உக்காரணுமா அக்கா? நம்ம அம்மாவும் உக்காரட்டும்!" என்றான்.

அம்மாவுக்கு வயது 82. முழங்கால் மடங்காது. சர்க்கரை வியாதிக்குத் தினம் இரண்டு வேளை இன்சுலின். ஆனால் ஆசைக்கு வியாதி ஏது? புதுக்கோட்டை மாவட்டத்தில், வல்லத்திராக்கோட்டைக்கு அருகே இருக்கும் எங்கள் குலதெய்வத்தை இன்னும் ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதற்காகத்தான் இந்த நடமாடும் வீடு.

புறப்படுவதற்கு முதல் நாள் தம்பி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து காட்டினான். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் பிளக், மறு பக்கம் சாக்கெட், நடுவில் மூன்று விளக்குகள்.

"இது என்னடா, புது விளையாட்டுச் சாமானா?" என்றேன்.

அவன் விளக்கினான். அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாக வண்டி வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். தங்கும் இடங்களில் மின்சாரத்துக்கென்று ஒரு கம்பம் நட்டிருக்கும். கம்பத்தில் என்ன கோளாறோ, யார் கண்டார்கள்? ஆகையால் இப்படி ஒரு காவல் பெட்டியை முதலில் அதில் செருகிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை இணைப்பார்களாம். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அந்தப் பெட்டி நமக்கு உதவாது. அதனால் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் சொல்லி, நம் ஊர் மின்சாரத்துக்குத் தகுந்தபடி ஒன்று செய்து வாங்கியிருந்தான்.

வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் பெட்டி கதவைச் சாத்திவிடும். இடி மின்னலில் கண நேரம் பாயும் வேகத்தையும் கூடியவரை தாங்கிக்கொள்ளும். எர்த் இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும்; மின்சாரத்தை உள்ளே விடாது.

"வோல்டேஜுக்கு இவ்வளவு பயமா?" என்று நான் கேலி செய்யவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, நினைவிருக்கிறதா? தென்னையும் பலாவும் மின் கம்பங்களும் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. எத்தனையோ நாள் கழித்து விளக்கு எரிந்த சந்தோஷத்தில் எங்கள் சித்தி மகள் எல்லா சுவிட்சையும் போட்டாள். எங்கேயோ நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது. அது அறுந்தால் 230 வர வேண்டிய வீட்டில் 400 வரைக்கும் கூட ஏறிவிடும். டி.வி., பிரிட்ஜ், மின்விசிறி மூன்றும் ஒரே நிமிஷத்தில் புகைந்து போயின. அதனால் பெட்டியின் அருமை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். செம்மண் பூமி. தைலமரக் காடு. மரத்தடியில் வரிசையாக மண் குதிரைகள். அம்மா ஜன்னல் வழியாகவே கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கண்ணில் வந்த தண்ணீரைப் பார்த்ததும், வேனுக்குக் கொடுத்த பணம் வசூலாகிவிட்டது என்று எனக்குத் தோன்றிற்று.

கொட்டகையில் மைக்செட் அமர்க்களமாகப் பாடிக்கொண்டிருந்தது. அந்த லைனிலிருந்து ஒரு சாக்கெட் கொடுத்தார்கள். தம்பி பெட்டியைச் செருகினான். சிவப்பு விளக்கு! எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி செருகினான். மறுபடியும் சிவப்பு.

"எர்த் இல்லைங்குது அக்கா."

"மைக்செட்டே இந்தப் பாடு பாடுது, அதுக்கு மட்டும் எர்த் வேண்டாமா?" என்றார் கூட வந்த உறவுக்காரர்.

இங்கேதான் நான் தலையிட்டேன். வெயில் கொளுத்திற்று. பிரிட்ஜிலே அம்மாவின் இன்சுலின் இருந்தது. "உன் பெட்டியைத் தூக்கி ஓரமா வை. நேரா செருகுடா! மருந்து கெட்டுப்போனா அம்மா கதி என்ன?" என்று அதட்டினேன். மூத்தவள் சொன்னால் தம்பி மீறமாட்டான். நேராகச் செருகினான். மின்விசிறி சுழன்றது, பிரிட்ஜ் முனகிற்று. "பார்த்தாயா!" என்பதுபோல் நான் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

அரை மணி ஆகியிருக்காது. தம்பி மகள், எட்டு வயசு, அடிபம்பில் கால் கழுவிக்கொண்டு அப்பத்தாவைப் பார்க்க ஓடிவந்தாள். கோயில் இடம், காலில் செருப்பு இல்லை. வண்டிக் கதவின் கைப்பிடியைத் தொட்டவள் வீரிட்டுக் கையை உதறினாள்.

"அத்தை! வண்டி கடிக்குது!"

மைக்செட்காரப் பையன் ஒரே தாவாகத் தாவிப் பிளக்கைப் பிடுங்கினான். டெஸ்டரை எடுத்து சாக்கெட்டைச் சோதித்தான். பிறகு வயரைப் பிரித்துக் காட்டினான். உள்ளே இரண்டே கம்பிகள். "மூணாவது ஓட்டை சும்மா அழகுக்குத்தான் அக்கா இருக்கு," என்றான். அவன் சிரிக்கவில்லை.

சகோதரிகளே, அன்று அவன் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். பிளக்கில் பருமனாக, மற்ற இரண்டையும் விட நீளமாக இருக்கிறதே ஒரு கால், அதுதான் எர்த். பிரிட்ஜிலோ மின்விசிறியிலோ மின்சாரம் கசிந்தால், நம் உடம்பைத் தேடாமல் மண்ணுக்கு ஓட அதுதான் வழி. வீட்டிலே அந்த வழி இல்லாவிட்டாலே ஆபத்து. வண்டியிலே இன்னும் மோசம். அது ரப்பர் சக்கரங்கள் மேல் நிற்கிறது. கசிந்த மின்சாரம் இறங்க வழியில்லாமல் தகடு முழுவதும் பரவி நிற்கும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஈரக் காலோடு மண்ணில் நின்று தொடுகிறவர்தான் அதற்கு வழியாகிவிடுவார். குழந்தைக்கு அன்று சுருக்கென்றதோடு போயிற்று. கசிவு இன்னும் கொஞ்சம் அதிகமாக இருந்திருந்தால்? இதை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது.

நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அம்மாதான் அதட்டினாள். "அழுதது போதும். கரண்டு வர்றதுக்கு முந்தி நாங்க எதுல தண்ணியக் குளிர வச்சோம்? ரெண்டு பானை கொண்டாங்கடா!"

பெரிய பானைக்குள் சின்னப் பானை. நடுவிலே மணல். மணல் நனையத் தண்ணீர். இன்சுலின் குப்பியை நனையாதபடி கட்டி உள்ளே வைத்து, ஈரத் துணியால் மூடி, நிழலில் வைத்தோம். அப்போதுதான் டாக்டர் முன்பே சொல்லியிருந்தது எனக்கு நினைவு வந்தது. திறக்காத குப்பியைத்தான் 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கும் குப்பி, சூடு படாமல் இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். எங்களிடம் இருந்தது திறந்த குப்பி! இல்லாத அவசரத்துக்காக ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் உள்ளூர் எலெக்ட்ரீஷியன் வந்தார். குழி வெட்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, மூன்று குடம் தண்ணீர் ஊற்றினார். "இந்தக் காய்ஞ்ச செம்மண்ணுல எர்த்துக்கும் தாகம் எடுக்கும்மா. கோடையில தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்," என்றார். மூன்று கம்பி வயரும் இழுத்தார். பிரிட்ஜின் கசிவையும் பார்த்துச் சரி செய்தார். தம்பி பெட்டியைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. அம்மா அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

ஊர் திரும்பியதும் தம்பி வண்டியிலே ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்சையும் வைத்துவிட்டான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்திவிடுமாம். நான் என் வீட்டு பிளக்குகளை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். சமையலறையிலேயே ஒன்றுக்கு மூன்றாவது கம்பி இல்லை!

நீங்களும் இன்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள். காவல்காரனை வைத்துக்கொண்டு, அவன் வேண்டாம் என்று கைகாட்டும்போது அவனையே ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போகாதீர்கள். நான் போனேன். ஐயனார் பொறுத்துக்கொண்டார்.