திரும்பும் வழி

2020இன் பொதுமுடக்கத்தில் கல்லூரி வாசல் அடைபட்டபோது, எங்கள் துறையின் பழைய இதழ்களும் உள்ளே அடைபட்டன. பல ஆண்டுகளாகப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஒரு சர்வரில் சேர்த்துவைத்திருந்தோம். வளாகத்துக்குள் மட்டுமே அது திறக்கும். ஆய்வேட்டின் கடைசி இயலில் இருந்த மாணவி ஒருவர் ஊரிலிருந்து கேட்டார்: "ஐயா, அந்த இதழ்களைப் பார்க்க ஏதேனும் வழி உண்டா?"

சர்வரை இணையத்தில் அப்படியே திறந்துவிடலாமே என்றோம். கணினித் துறை நண்பர் மறுத்தார். ஒருவருக்கென்று திறப்பது உலகத்துக்கே திறப்பதாகும் என்றார். எனவே கல்லூரியின் ஃபயர்வாலில் வி.பி.என். சுரங்கம் அமைக்க முடிவாயிற்று. அவ்வாண்டு மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6இல் இடம்பெற்ற வயர்கார்டைத் தேர்ந்தார் நண்பர். இரு முனைகளுக்கும் இரண்டிரண்டு திறவுகள்: ஒன்றைத் தன்னிடமே மறைத்துக்கொள்ள வேண்டும், மற்றொன்றை எதிர்முனைக்குக் கொடுக்க வேண்டும். அரைமணி நேரத்தில் சுரங்கம் எழுந்துவிட்டது. தமிழ் படித்த நாங்கள் அஞ்சியதெல்லாம் இந்த மறையாக்கத்துக்குத்தான். இடறியதோ வேறிடத்தில்.

மாணவியின் வீட்டு ரூட்டரும் 192.168.1 என்றே முகவரி வழங்கிற்று. எங்கள் சர்வரும் அதே வரிசையில் இருந்தது. 1994 முதல் தனி வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. யார் வீட்டிலும் இருக்கலாம். அவருடைய கணினி எங்கள் சர்வரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. சர்வரை 10.40.7 என்னும் வரிசைக்குக் குடிபெயர்த்தோம்.

அப்போதும் பக்கம் திறக்கவில்லை. ஃபயர்வாலின் உட்பக்கத்தில் பொட்டலங்களைக் கவனித்த நண்பர், கேள்வி சர்வருக்குப் போகிறது, பதில் இவ்வழி வரவில்லை என்றார். வளாகத்தில் வெளியேற இன்னொரு வாயிலும் இருந்தது: பழைய இணைய இணைப்பின் ரூட்டர். முன்பின் அறியாத முகவரிக்கு உரிய எதையும் அதனிடமே ஒப்படைக்கச் சர்வர் பழகியிருந்தது. சுரங்கத்தைப் பற்றி அந்த ரூட்டருக்கு எதுவும் தெரியாது. போகும் வழியைச் சொல்லிக்கொடுத்த நாங்கள், திரும்பும் வழியைச் சொல்ல மறந்திருந்தோம். சுரங்கத்தின் முகவரிகளுக்கான பதிலை ஃபயர்வாலிடம் கொடு என்று சர்வரில் ஒரே வரி எழுதியதும் இதழின் அட்டை மாணவியின் திரையில் தோன்றிற்று.

பிழை தேடும் அவசரத்தில், சுரங்கத்தின் வழி வருபவர் எங்கும் செல்லலாம் என்று தற்காலிக விதி ஒன்றை எழுதியிருந்தோம். மாணவிக்கு அனுப்பிய அமைப்புக் கோப்பிலும் 10.40 எனத் தொடங்கும் முகவரிகள் அனைத்தையும் சேர்த்திருந்தோம். வேலை முடிந்த மகிழ்ச்சியில் இரண்டையும் மறந்தோம். நான்கு மாதம் சென்றிருக்கும். அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: "ஐயா, முகவரியில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டேன். மதிப்பெண் பதிவேட்டின் நுழைவுப் பக்கம் வருகிறது. நான் பார்க்கக் கூடாதது என்று நினைக்கிறேன்."

படித்தபோது எங்களுக்கு முகம் சுட்டது. திறவுகள் எவையும் தவறவில்லை. வெளியார் எவரும் உள்ளே வரவில்லை. சுரங்கம் வழிப்பறியைத் தடுக்கும். உள்ளே வந்தவர் எந்த அறைவரை போகலாம் என்பதை நாங்கள்தான் எழுத வேண்டும். அதை எழுதாமல் விட்ட நான்கு மாதமும் அந்தப் பதிவேட்டின் வாசலில் எஞ்சியிருந்தவை ஒரு கடவுச்சொல்லும் அம்மாணவியின் நேர்மையும்தாம்.

அன்று மாலையே அந்த விதியை நீக்கினோம். சுரங்கத்திலிருந்து அந்த ஒரு சர்வருக்கு, இணையப் பக்கத்துக்குரிய 443ஆம் வாயிலுக்கு மட்டும் அனுமதி என்று மாற்றி எழுதினோம். மாணவிக்கு நன்றியும் புதிய கோப்பும் சென்றன. ஃபயர்வாலின் விதிகளை இப்போது ஒரு குறிப்பேட்டிலும் எழுதிவைக்கிறோம்: யாருக்கு, எதற்கு, எந்த நாள்வரை. மூன்றாவது கட்டத்தை நிரப்பாமல் எந்த விதியையும் எழுதுவதில்லை.