அக்கா வீட்டுப் பால்கோவா டப்பா

எங்கள் தெருவில் என்னை "டாக்டர் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. நுண்ணுயிரியலில், அதாவது மைக்ரோபயாலஜியில், முனைவர் பட்டம் வாங்கியவன். 1978-இல் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, 2011-இல் ஓய்வு பெற்று, ராஜபாளையத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். முப்பத்து மூன்று வருஷமும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களோடுதான் குடித்தனம். ஆனால் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருந்தால் சொந்தக்காரர்கள் விடுவார்களா? "டாக்டரு, தொண்டை கட்டியிருக்கு, என்ன மாத்திரை போடலாம்?" என்று போன் வரும். நானும் சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட விஷயம்.

அப்பாவுக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. நம் சத்திரப்பட்டித் துணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நாட்டில் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டாலும் அந்தத் துணி நம் பக்கத்தில் நெய்ததாக இருக்கலாம். சின்ன வயதில் எங்கள் வீட்டில் தாவணி கிழிந்தாலும் தலையணை கிழிந்தாலும் ஒட்டுப்போட அந்த மெல்லிய வெள்ளைத் துணிதான். புண்ணில் சீழ் ஏன் பிடிக்கிறது என்ற கேள்வி எனக்குள் அங்கேதான் முளைத்தது என்று நினைக்கிறேன்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார்கள். பள்ளி லீவு விட்டால் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். காலையில் பெரிய கோயில் பிராகாரத்தில் ஒரு சுற்று, பிறகு பெனிங்டன் நூலகம். 1875-இல் தொடங்கிய நூலகம் அது. அலெக்சாண்டர் பிளெமிங் 1928-இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த கதையை அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். சாயங்காலம் அத்தான் பால்கோவா வாங்கி வருவார்.

அந்த நாட்களில் எனக்கு டைபாய்டு வந்தது. இருபது நாள் படுக்கை. குளோரோமைசெட்டின் கேப்ஸ்யூலை அக்கா மணி பார்த்து எடுத்துக் கொடுத்தாள். காய்ச்சல் இறங்கியது. "மாத்திரைதான் என் தம்பியைப் பிழைக்க வச்சது" என்று தெருவெல்லாம் சொன்னாள். அவள் சொன்னது நிஜம். அந்த மருந்து வருவதற்கு முன்னால் டைபாய்டு எத்தனை வீட்டில் பிள்ளையைக் கொண்டுபோனது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும்.

ஆனால் 1972-இலேயே, மலைக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில், அதே குளோராம்பெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு கிருமி வந்துவிட்டது. மாணவனாக அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னைப் பிழைக்கவைத்த மருந்து, இன்னொரு பிள்ளைக்கு வேலை செய்யவில்லை. என் ஆராய்ச்சிக்கு வித்து அதுதான்.

எங்கள் வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். நோன்புக் காலத்தில் கடற்பாசி காய்ச்சிக் கட்டியாக்குவார்கள் அல்லவா? அதே சாதிதான் அகர். அதில் கிருமிக்கு வேண்டிய சத்தைக் கலந்து வட்டத் தட்டில் ஊற்றி உறையவைப்போம். நோயாளியின் சீழிலோ சிறுநீரிலோ இருந்து பிரித்தெடுத்த கிருமியை அதன்மேல் தடவி, வெவ்வேறு மருந்தில் நனைத்த சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைப்போம். ஒரு ராத்திரி சூட்டுப் பெட்டியில் இருக்கும். காலையில் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்தால் அந்த வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் தெளிவாக, கிருமியே இல்லாமல் தெரியும். அதை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளப்போம். வில்லையின் அகலம் 6 மில்லிமீட்டர். வளையமே இல்லாமல் வில்லையின் விளிம்புவரை கிருமி வந்து நின்றால், அந்த மருந்து அந்த நோயாளிக்குத் தண்ணீர்தான்.

நான் சேர்ந்த புதிதில் தட்டுகளைப் பார்த்தால் வட்ட வட்டமாக நிலா மாதிரி இருக்கும். வருஷம் போகப்போக வட்டம் சுருங்கியது. எண்பதுகளின் கடைசியில் சிப்ரோபிளாக்சசின் வந்தபோது மறுபடியும் பெரிய பெரிய வட்டங்கள். "இனிமேல் கவலையில்லை" என்றோம். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த வட்டமும் சுருங்கியது.

ஏன் என்று வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். ஈ.கோலை என்ற குடல் கிருமி, வசதியான இடம் கிடைத்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டாகும். ஒன்று, பத்து மணி நேரத்தில் 100 கோடியைத் தாண்டிவிடும். அவ்வளவு கூட்டத்தில் தற்செயலாக ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கும் குணத்தோடு பிறக்கும். மருந்து மற்றதையெல்லாம் கொன்றால் மிச்சம் இருப்பது அந்த ஒன்றிரண்டின் வாரிசுகள். இது போதாதென்று, கிருமிகள் அந்தக் குணத்தைப் பக்கத்திலிருக்கிற வேறு சாதிக் கிருமிக்கும் கொடுத்துவிடும். அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கி வந்தால் நம் வீட்டுப் பானைப் பால் முழுக்கத் தயிராகிவிடுகிறதே, அது மாதிரி.

2010 ஆகஸ்டில் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி கார்த்திகேயன். கார்பபீனம் என்ற கடைசி வரிசை மருந்துகளையே உடைத்துப்போடும் என்.டி.எம்.-1 என்ற நொதியைச் சுமந்த கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று பட்டியல் போட்டிருந்தார்கள். அந்த நொதியின் பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் தில்லியில் ஒரே கொந்தளிப்பு. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்க வெளிநாட்டுச் சதி என்றார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் அதே பேச்சு. நான் ஒன்றும் பேசவில்லை. எங்கள் தட்டுகளில் வளையம் காணாமல் போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

இவ்வளவு தெரிந்த நான் வீட்டில் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம்.

அக்காவுக்குச் சர்க்கரை. அதனால் அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். "தம்பி, மறுபடியும் எரிச்சலா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட்டுனு ஒரு நாள் போயிரும். நீயே ஒண்ணு சொல்லேன்" என்பாள். தட்டு போட்டுப் பார்க்காமல் மருந்து சொல்லக்கூடாது என்று காலையில் வகுப்பில் சொல்லியிருப்பேன். சாயங்காலம் போனில் "சிப்ரோ காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அஞ்சு நாள் போடுக்கா" என்பேன். அக்கா இரண்டு நாள் போடுவாள். எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுவாள். ஒரு தரம் இரண்டு தரம் இல்லை. பதினைந்து இருபது வருஷம் இப்படியே போயிற்று. அக்காவுக்கு ஆஸ்பத்திரி அலைச்சலை மிச்சம் பண்ணிக் கொடுக்கிறோம் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

2014-இல் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த இரண்டாம் நாள் அக்காவுக்குக் குளிர்க் காய்ச்சல். பேச்சு குழறியது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி சிறுநீரகத்திலிருந்து ரத்தத்தில் ஏறிவிட்டது. ஒரு வாரம் கழித்தும் காய்ச்சல் விடவில்லை. மருமகன் ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, "மாமா, இதைப் பாத்துச் சொல்லுங்க" என்றான். கிளெப்சியெல்லா. மருந்துகளின் பெயர் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆர்' என்ற எழுத்து. எதிர்ப்பு உண்டு, மருந்து கேட்காது என்று அர்த்தம். சிப்ரோவுக்கு ஆர். ஊசி மருந்துகளுக்கு ஆர். மெரோபீனத்துக்கும் ஆர். கடைசி வரியில் கொலிஸ்டின் மட்டும் 'எஸ்'. ஆயிரக்கணக்கில் அப்படிப்பட்ட தாள்களில் கையெழுத்துப் போட்டவன் நான். அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் படித்தேன்.

கொலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று எழுபதுகளில் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார்கள். வேறு வழியில்லாமல் மறுபடியும் எடுத்தார்கள். அக்காவுக்கு அதைக் கொடுத்தார்கள். உயிர் திரும்பியது. ஏற்கெனவே சர்க்கரையில் பலவீனமாக இருந்த சிறுநீரகம் திரும்பவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒன்றரை வருஷம் இருந்தாள்.

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து காரில் வரும்போது மனசு தாங்காமல் கேட்டுவிட்டேன். "அக்கா, நான் மாத்திரை சொல்லிச் சொல்லித்தான் இப்படி ஆச்சோ?" என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லி எதுடா கெட்டுப் போயிருக்கு? நீ சொன்னதைத்தானே நான் கேட்டேன்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

காரியம் முடிந்த பிறகு மருமகன் பீரோவை ஒழித்தான். பழைய பால்கோவா டப்பா ஒன்று வந்தது. திறந்தால் மாத்திரை அட்டைகள். பதினொன்று. ஒவ்வொன்றிலும் நாலு, ஆறு என்று மிச்சம். ரப்பர் பேண்டு போட்டுத் துண்டுக் காகிதம் செருகியிருந்தாள். அக்கா கையெழுத்து: "தம்பி சொன்னது. நீர்க்கடுப்புக்கு." இன்னொன்றில், "தம்பி சொன்னது. தொண்டைக்கு." பக்கத்து வீட்டுப் பெண், "எங்களுக்கும் அதுலருந்துதான் குடுப்பாங்க, உடனே கேக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ராஜபாளையத்திலிருந்து கொடுத்த உறைமோர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தெருவுக்கே போயிருக்கிறது.

ஆராய்ச்சிக்காரனாக ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு ஆளுக்கு வந்த கிருமி எங்கிருந்து எதிர்ப்பைப் பெற்றது என்று பின்னால் இருந்து நிரூபிக்க முடியாது. மெரோபீனத்துக்கு அடங்காத கிருமி ஆஸ்பத்திரியிலேயே தொற்றியிருக்கலாம். தண்ணீரிலிருந்தும் வந்திருக்கலாம். நான்தான் காரணம் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. நான் காரணமே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. 1945-இல் நோபல் பரிசு வாங்கும்போதே பிளெமிங் எச்சரித்திருந்தார்: அரைகுறை அளவில் பெனிசிலினைச் சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று. அதை வருஷா வருஷம் பாடம் நடத்தியவன் நான்.

நாடும் சும்மா இருக்கவில்லை. 2012-இல் சென்னையில் மருத்துவர்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல், முக்கியமான ஆண்டிபயாடிக்குகளை 'ஹெச்-1' பட்டியலில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றார்கள். 2019-இல் கோழி, கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டினைத் தடை செய்தார்கள். ஆனாலும் அந்த 2019-இல் மட்டும் உலகத்தில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது.

என் வயதுக்காரர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். மாத்திரை அட்டையில் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாதது. சளி, ஃப்ளூ காய்ச்சலெல்லாம் வைரஸ். ஆண்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமல் சிறுநீர்ப் பரிசோதனையில் மட்டும் கிருமி தெரிந்தால், நம் வயதில் அதற்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். அவர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். நாமாகக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். மாடு வைத்திருப்பவர்கள், மடிநோய்க்கு ஊசி போட்டால் மருத்துவர் சொன்ன நாள்வரை அந்தப் பாலைக் கறந்து கொட்டிவிடுங்கள். காய்ச்சினாலும் மருந்து முழுக்கப் போகாது. உறை ஊற்றியும் பால் தயிராகவில்லை என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போதும் போன் வருகிறது. "சீட்டு வாங்கிட்டு வாங்க, படிச்சுச் சொல்றேன்" என்கிறேன். "டாக்டருக்கு ரிட்டயர் ஆனதும் கிராக்கி ஏறிப்போச்சு" என்று சிலருக்கு வருத்தம். இருக்கட்டும். அந்த டப்பா என் மேஜையில்தான் இருக்கிறது. நீங்களும் ஒருதரம் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்.