எட்டு எலும்புக்கு எத்தனை கோணம்?

ஜூலை 3

மெய்நிகர் உடற்கூறு மேசை விற்க வந்தவர் விலைப்பட்டியலை நீட்டிவிட்டுப் போனார். அந்தக் காசுக்கு எங்கள் பிசியோதெரபி கல்லூரியில் ஓர் ஆய்வகமே கட்டலாம். முதல்வர் என்னைப் பார்த்து, "நாமளே ஏதாவது பண்ண முடியாதா மேடம்?" என்றார்.

முடியும். சரக்கு இலவசமாகவே கிடக்கிறது. 1918-இன் அமெரிக்கப் பதிப்பு 'கிரேஸ் அனாட்டமி'க்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. ஜப்பானியர்களின் 'பாடிபார்ட்ஸ்3டி' தரவின் மேல் எழுந்த 'இசட்-அனாட்டமி' முப்பரிமாண மாதிரியை பிளெண்டர் மென்பொருளில் திறந்து எலும்பு எலும்பாகப் பிரிக்கலாம். தொடையின் குறுக்குவெட்டுக்கு, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994-இல் வெளியிட்ட 'விசிபிள் ஹியூமன்' ஆணுடல் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவியது. டெக்சாஸில் மரண தண்டனை பெற்ற ஒருவர் தானமாகத் தந்த உடல் அது. இதைச் சொல்லாமல் அந்தப் படத்தை வகுப்பில் காட்ட மாட்டேன்.

ஜூலை 7

மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் ஆரம்பித்தேன். விரலால் தள்ளினால் சுழலும் உருவத்தை ஒரு மாணவன் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டுக் கேட்டான்: "மேடம், இப்ப தெரியறது உள்ளங்கைப் பக்கமா, புறங்கைப் பக்கமா?"

கேட்பான் என்று தெரியும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதே எலும்புகளை வைத்து எப்போதோ சோதித்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் தெரிந்தாலே பெரும்பாலும் போதும். இடவுணர்வு குறைந்தவர்களை மிதமிஞ்சிய கோணங்கள் குழப்பவும் செய்யும். சுழற்சியை எடுத்துவிட்டால் கோப்பும் இளைக்கும். இரட்டை லாபம்.

ஆகவே உள்ளங்கைப் பக்கம் ஒரு படம், புறங்கைப் பக்கம் ஒன்று, சுண்டுவிரல் பக்கமிருந்து ஒன்று. மூன்றாவது பிசிஃபார்முக்காகவே. பட்டாணி அளவு எலும்பு. முன்னாலிருந்து பார்த்தால் டிரைக்வெட்ரல் எலும்போடு ஒன்றாகத் தெரியும். பக்கவாட்டில்தான் அது துருத்திக்கொண்டு நிற்பது புலப்படும். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'சுண்டுவிரலுக்கு நேராக, மணிக்கட்டு மடிப்பில் அழுத்திப் பாருங்கள், கையைத் தளர்த்தி லேசாக மடக்கினால் எலும்பு அசையும்.' வகுப்பு முழுக்கத் தன் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஜூலை 12

படங்களைச் சுருக்கி, பெயர்களோடு ஒரே எச்டிஎம்எல் கோப்பில் அடைத்தாயிற்று. வாட்ஸாப்பில் ஒருமுறை வாங்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் திறக்கும். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோன ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இதுதான் முக்கியம்.

"நம்ம லோகோ போட்டு மத்த காலேஜுக்கு வித்துடலாமே?" என்றார் முதல்வர். விற்கலாம் சார், ஆனால் இசட்-அனாட்டமியின் உரிமப்படி மூலத்தின் பெயரைப் போடவேண்டும். வாங்கியவர் இலவசமாகப் பகிர்ந்தால் நாம் தடுக்க முடியாது என்றேன். முகம் சுருங்கிவிட்டது. லோகோ மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தேன்.

அடுத்தது பாதம். டாலஸ் எலும்பை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்று நாளைக்கு எலும்புப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும்.