உறக்கம் வாரா இரவுகள்

விழா மலருக்குக் கட்டுரை கேட்டபொழுது, கல்லூரியின் பழம்பெருமையை எழுதுதலே முறையென எண்ணினேன். ஆயினும், பல்லாண்டுகளாக எவரிடமும் உரையாத ஒன்றையே எழுதத் துணிந்தேன். ஒரு மாணவருக்கேனும் பயன்படுமாயின் என் நாணம் பெரிதன்று.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபொழுது நான் மாணவன். கூரை பறந்த வீட்டிலே, தென்னைகள் முறியும் ஓசையைக் கேட்டவண்ணம் விடியுமட்டும் ஒடுங்கியிருந்தோம். இளமை அதனைக் கடந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலையில் வந்த ஆழிப்பேரலையோ, நாவலடியில் வாழ்ந்த என் தங்கையைக் கொண்டு சென்றது. அலை வந்தது பகலில். அச்சம் வந்தது இரவில்.

பகற்பொழுது பள்ளிக்கூடப் பணியிற் கழிந்துவிடும். விளக்கணைத்துச் சாய்ந்ததும் நெஞ்சு படபடக்கும். கல்லடிக் கடலின் இரைச்சல் நெருங்கிவருவதாகத் தோன்றும். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே இரவு கழியும். நாளடைவில், பொழுது சாயும்போதே படுக்கையை எண்ணி அஞ்சலானேன்.

ஈற்றில் ஒரு வைத்தியரிடம் சென்றேன். அவர் கூறியது இது: பகலில் வேலையும் பேச்சும் கவலையை மறைக்கின்றன, இரவின் தனிமையில் அது தடையின்றி எழுகின்றது. விழித்தபடி புரளப் புரள, படுக்கை விழித்திருத்தற்குரிய இடமென்றே உடல் பழகிவிடுகின்றது. உறக்கமோ வலிந்தழைத்தால் வாராது.

அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் எடுத்துரைத்த வழியையே அவர் எனக்கு விதித்தார். உறக்கம் வந்தாலன்றிப் படுத்தலாகாது. இருபது நிமிடமளவில் உறங்காவிடின் எழுந்து, மங்கிய ஒளியில் அமர்ந்திருத்தல் வேண்டும். எவ்வாறு உறங்கினும் ஒரே நேரத்தில் எழவேண்டும். மணிக்கூடு அறையை விட்டு அகன்றது. மாலைத் தேநீர் நின்றது. அந்திக்கு முன்னரே கவலைகளையும், நாளை செய்யக்கூடியவற்றையும் கொப்பியில் எழுதி மூடிவைத்தேன். முதற்சில வாரங்கள் முன்னையினுங் கடினமாயிருந்தன. பின்னர், சிறிது சிறிதாக உறக்கம் திரும்பிற்று. டிசம்பர் இரவுகளில் அச்சம் இன்னும் வருவதுண்டு. வந்து போகும் விருந்தென்று அறிந்துகொண்டேன்.

பரீட்சைக்கு முந்திய இரவுகளில் அஞ்சும் மாணவர்காள், இது கோழைத்தனமன்று. தனித்துச் சுமவாதீர், ஆசிரியரிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

பழைய மாணவ நண்பர்களே, நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் அமர்ந்து, துடுப்பை நீரிலிட்டு, அதன் முனையைச் செவியில் வைத்து மீனிசை கேட்டோமே! அவ்விரவுகளிலும் நாம் உறங்கியதில்லை; அதற்காக வருந்தியதுமில்லை. இப்பொழுது நள்ளிரவில் விழிப்பு வந்தால், விறாந்தையில் அமர்ந்து அதனையே நினைப்பேன். கண்கள் தாமே கனக்கும்.