ஆம்புலன்சுக்கு முந்தைய நிமிடங்கள்

விபத்துக் காயங்களில் குருதிப்போக்கு குறித்த ஆய்வுகளை மூன்றாண்டுகளாக வாசித்து வருகிறேன். அவற்றின் அட்டவணைகளில் மருத்துவமனைக்குள் நிகழ்பவை நுணுக்கமாகப் பதிவாகின்றன. காயம்பட்ட கணம் முதல் மருத்துவமனை வாயில் வரையிலான நேரமோ பெரும்பாலும் ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உள்ளது. தொடையின் பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் பிரியக்கூடும். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் அந்நிமிடங்கள் அருகில் நிற்பவரின் பொறுப்பிலேயே இருக்கின்றன.

2010இல் 'லான்செட்' இதழில் வெளியான கிராஷ்-2 ஆய்வு, இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டது. ஜப்பானிய ஆய்வாளர் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டறிந்த டிரானெக்ஸாமிக் அமிலம், விலை மலிந்த மருந்து. அது இறப்பு விகிதத்தை 16 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காடாகக் குறைத்தது. மறு ஆண்டு வந்த பகுப்பாய்வு இன்னொன்றையும் காட்டியது: காயம்பட்டு 3 மணி நேரம் கடந்தபின் கொடுத்தால், அதே மருந்து குருதிப்போக்கால் நேரும் இறப்பைக் கூட்டக்கூடும். மருந்தின் பயனையும் காலமே தீர்மானிக்கிறது.

இதன் பொருள் எனக்கு உடலால் விளங்கியது, டெல்லியில் எங்கள் வளாகத்தில் நடந்த முதலுதவிப் பயிற்சியில்தான். காயத்தின் மேல் தூய துணியை வைத்து, இரு கைகளாலும் உடல் எடை முழுவதையும் செலுத்தி அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கிப் பார்க்கலாகாது. நனைந்தால் மேலும் துணி வைத்து அழுத்தத்தைத் தொடர வேண்டும். கை கால்களில் அதற்கும் அடங்காத பெருக்கெனில், காயத்திற்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிக்கெட் இறுக்கி, இறுக்கிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். பொம்மையின் மீது மூன்று நிமிடம் அழுத்துவதற்குள் என் தோள்கள் நடுங்கின.

"சாலையில் இதைச் செய்வீர்களா?" என்று பயிற்றுநர் கேட்டார். பீகாரைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர், "போலீஸ் கேஸ் ஆகிவிடுமே!" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அந்த அச்சம் எங்கள் எல்லோருக்கும் பொதுவானது.

உதவ முன்வருவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர இயலாது என்கிறது. பெயரைச் சொல்லுமாறும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அன்று அந்த அறையில் இதை அறிந்திருந்தவர்கள் மிகச் சிலரே. முனைவர் பட்டத்திற்கு உழைப்பவர்களின் அவையிலேயே இந்நிலை என்றால், நெடுஞ்சாலை ஓரத் தேநீர்க் கடைக்காரர் தயங்குவதை எவ்வாறு குறைகூறுவது?

ஆகவே, துறைத் தலைவர்களாக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்: பாதி நேரம் அழுத்தப் பழக்குவதற்கு, மீதி நேரம் அச்சட்டப் பிரிவை விளக்குவதற்கு. கைக்குத் திறன் மட்டும் போதாது. காயத்தைத் தொடும் துணிவும் வேண்டும்.