பழைய பைக்கும் சொட்டும் பெற்றோலும்

2022 இல் இலங்கையில் கியூஆர் முறைப்படி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் மட்டும் தந்த காலத்தில், என் பழைய ஹொண்டா சிடி 125 இன் காபரேற்றர் ஒழுகத் தொடங்கியது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்குத் திரும்பவும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை இருப்பதைத் திருத்தி ஓடுவதே எங்களுக்கு வழியாக இருந்தது.

எங்கே ஒழுகுது என்று முதலில் பாருங்கள். ஓவர்ஃப்ளோ குழாயால் வந்தால் பெரும்பாலும் குறை உள்ளே: ஊசி வால்வின் நுனி தேய்ந்திருக்கும், அல்லது தூசி சிக்கியிருக்கும். மிதவையைக் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே பெற்றோல் ஆடினால் அது ஓட்டை. அடிக்கிண்ணத்தின் விளிம்பால் கசிந்தால் ரப்பர் காய்ந்திருக்கும். அதற்காகத் திருகாணியைப் பலமாக இறுக்காதீர்கள், மரை அறுந்துவிடும்.

கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் சாமான் வாங்கப் போகும்போது பழைய ஊசியையும் கொண்டு போங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், நீளம் மாறும்.

ஊசி மூடாவிட்டால் பெற்றோல் எஞ்சின் ஒயிலிலும் கலக்கலாம். ஒயிலில் பெற்றோல் மணந்தால் மாற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஃபிளாட்களின் கீழ்த்தளத்தில் பைக் விடுகிறவர்களுக்கு ஒன்று: பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். நிறுத்தியதும் பெற்றோல் டெப்பை மூடுங்கள். பக்கத்தில் சிகரெட் பற்றவைக்கிறவரையும் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.